ஒரு சுவரின் விலை

கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் வந்து, மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டப்பட்டிருந்த நகரைச் சிதைத்தன. அதன்பின், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். அதற்கான செங்கற்களைச் சுட்டுத் தந்த சூளைகள் இவ்வட்டாரத்தில் இருந்தன. செங்கல் வீடு எளிதில் தீப்பற்றாது. ஆனால், அதற்குச் செலவு அதிகம்.

குறைந்த பணத்தில் வீடு கட்டும் குடும்பம் இன்றும் இதே சிக்கலைச் சந்திக்கிறது. பாதியில் பணம் தீர்ந்தால், கூரையில்லாத வீடும் மாதந்தோறும் கட்ட வேண்டிய கடனும்தான் மிஞ்சும். ஆகவே, மலிவான பொருள்களைத் தேடி அலைவதற்கு முன் வீட்டின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். செலவின் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் பரப்பில் ஒரு வீடு வேண்டும். அதை 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் எனச் சதுரமாகக் கட்டினால் வெளிச்சுவரின் மொத்த நீளம் 40 மீட்டர். அதே பரப்பை 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என அமைத்தால் 50 மீட்டர் ஆகிறது. இடம் ஒன்றுதான், சுவர் மட்டும் 10 மீட்டர் கூடிவிட்டது. சுவரின் உயரம் 3 மீட்டர் என்றால், கூடுதலாக 30 சதுர மீட்டர் சுவர் எழுப்ப வேண்டும். ஒற்றைச் செங்கல் கனமுள்ள சுவருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 செங்கல் தேவை. ஆக, 1,800 செங்கல் வீண்! அதற்கான அடித்தளம், பூச்சு, சாயம், கூலி ஆகியவை தனி.

இவ்வாறு ஒவ்வொரு செங்கல்லுக்கும் கணக்குப் பார்த்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், கேரளாவின் திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 2007இல் அங்கேயே மறைந்தார். வீட்டுக்கான பொருள்களை ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே தேட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னது தம் மனத்தில் பதிந்ததாக அவர் கூறியுள்ளார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அவர் சுவர் எழுப்பினார். ‘எலிப்பொறிக் கட்டு’ எனப்படும் இம்முறையில் ஏறத்தாழ கால்பங்குச் செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும்.

இதை அப்படியே நம் நாட்டில் பின்பற்றலாமா? கூடாது என்றே தோன்றுகிறது. பேக்கரின் சுவர் ஒன்பது அங்குலக் கனமுள்ளது. அதுவே வீட்டைத் தாங்கும். இங்கே பெரும்பாலும் கான்கிரீட் தூண்கள் வீட்டைத் தாங்குகின்றன. இடைச்சுவர்கள் ஏற்கெனவே மெல்லியவை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கட்டுமுறையை அன்று, அவர் கேட்ட கேள்வியை: இது உண்மையில் தேவையா?

சமையலறையும் குளியலறையும் வீட்டின் இரு கோடிகளில் இருக்கத் தேவையா? அடுத்தடுத்து அமைத்தால் குழாய்களின் நீளம் குறையும். அலங்கார வளைவும் பல மடிப்புகள் கொண்ட கூரையும் தேவையா? மடிப்புகள் கூடினால் மழைநீர் ஒழுகும் இடங்களும் கூடும்.

சன்னலில் மட்டும் சிக்கனம் வேண்டா. கிள்ளானில் நான் வளர்ந்த வரிசை வீட்டின் நடு அறையில் நண்பகலிலும் விளக்கு எரியும். மின்கட்டணம் வரும்போதெல்லாம் அப்பா முணுமுணுப்பார். அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்குச் சன்னல் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நாம், சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைப்பது நல்லது. காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே உள்ளே பாயா.

எல்லா அறைகளையும் உடனே கட்ட வேண்டியதில்லை. பின்புறம் சிறிது நிலம் விட்டு வைத்தால், பிள்ளைகள் வளர்ந்தபின் ஓர் அறையைக் கூட்டிக் கட்டலாம். அதற்கான இடத்தை முதல் வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். இல்லையேல் பிற்காலத்தில் கழிவுநீர்க் குழாயையோ படுக்கையறைச் சன்னலையோ அடைத்துக்கொண்டு அந்த அறை எழும். கூட்டிக் கட்டுவதற்கும் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவை.