புகையின் எடை 208

தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைப்பது சூடான காற்று. நெருப்போ புகையோ தூளைத் தொடவே கூடாது. இலங்கை மலையகத்தின் இறம்பொடையில் அருவி பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள், வீதியோரத்து ஸ்டோர்களுக்குள்ளும் ஒரு சுற்றுப் போய் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டுவது முன்பக்கத்தை. விஷயம் இருப்பது பின்பக்கத்தில், விறகு அடுக்கைத் தாண்டிய அடுப்பில். அதன் அனலும் புகையும் இரும்புக் குழாய்களுக்குள்ளே ஓடி, புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். குழாய்களின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு போகும் சுத்தமான காற்று சூடேறி டிரையருக்குள் போகும். அரைத்து நொதிக்கவிட்ட கொழுந்து அங்கே கறுப்புத் தூளாகும். வருடக்கணக்கில் வெந்த குழாயொன்றில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், புகையில் கொஞ்சம் காற்றோடு கலந்துவிடும்.

அந்தப் புகையில் ஆந்திராகுவினோன் என்றொரு சேர்மம் உண்டு. விதைகளைப் பறவைகள் கொத்தாமலிருக்க ஐரோப்பாவில் முன்பு அதைப் பூசினார்கள்; 2008இல் அந்த அனுமதி போயிற்று. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் தேயிலைக்கு ஓர் எல்லை வைத்தது: கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். 2023இல் இலங்கை முழுவதும் விளைந்த தேயிலை ஏறத்தாழ 25.6 கோடி கிலோ. அத்தனையும் அந்த எல்லையைத் தொட்டு நின்றால்கூட, எல்லாவற்றிலும் சேர்த்து ஆந்திராகுவினோன் ஐந்து கிலோ சொச்சம்தான்.

இவ்வளவு சொற்பத்தை எப்படிப் பிடிக்கிறார்கள்? தூளிலிருந்து சாறெடுத்து ஆவியாக்கி, கால் மில்லிமீட்டர் துளையும் முப்பது மீட்டர் நீளமும் கொண்ட சுருள் குழலுக்குள் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு சேர்மமும் அதனதன் நேரத்துக்கு வெளியே வரும். வந்ததை இலத்திரன்களால் அடித்து மின்னேற்றி எடை பார்ப்பார்கள். ஆந்திராகுவினோனின் மூலக்கூற்று எடை 208. தேயிலையிலோ ஆயிரம் சேர்மங்கள். 208 எடையோடு வேறொன்றும் இருக்கக்கூடும். அதனால் 208ஐ மட்டும் பிரித்தெடுத்து, வாயுவோடு மோதவிட்டு உடைக்கிறார்கள். ஆந்திராகுவினோன் உடையும்போது 28 எடையுள்ள காபனோரொட்சைட்டு ஒன்றை உதறி 180 ஆகும். இன்னொன்றை உதறி 152 ஆகும். இந்த மூன்று எண்களும், குழலைவிட்டு வந்த நேரமும் பொருந்திவிட்டால் ஆள் அகப்பட்டான்.

இதற்கு மேல் குடித்தால் நோய் வரும் என்று கணக்குப் போட்டு வைத்ததல்ல இந்த 0.02. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகம் அந்தப் பொருள்மேல் இருப்பது உண்மைதான். ஆனால் அனுமதியில்லாத பொருளென்றால், நம்பி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவையே எல்லையாக வைப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கம். அப்படியானால் கருவி எவ்வளவு கூர்மையோ சட்டமும் அவ்வளவு கூர்மை. என் கணக்கில், கடற்படை அனுப்பாமலே அடுத்த நாட்டு அடுப்பைத் திருத்தவைக்கும் அதிகாரம் இது.

எல்லாத் தடையும் ஆய்வுகூடத்தில் பிறப்பதில்லை. 2017 டிசம்பரில் ரஷ்யா, சரக்கில் கப்ரா வண்டு இருந்ததென்று சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கூரைத் தகடு செய்ய ரஷ்யா பெருமளவில் தோண்டி விற்கும் அஸ்பெஸ்டஸுக்குத் தடைபோட இலங்கை அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. கொழும்பு அதைத் தள்ளிவைத்தது; மாதம் முடிவதற்குள் தேயிலைக்கு வழி திறந்தது. வண்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் என்ன உறவென்று வாசகரே முடிவுசெய்துகொள்ளட்டும்.

கிளைபோசேட் கதை இன்னும் சுற்றுவழி. 2015இல் இலங்கை அந்தக் களைநாசினியைத் தடைசெய்தது. தோட்டங்களில் புல் மண்டியது, எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு மருந்து உள்ளே வந்தது. அதற்கு யப்பான் வைத்திருந்த எல்லை பத்து இலட்சத்தில் 0.01 பங்கு. யப்பானியச் சந்தையில் சிக்கல் எழ, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் திரும்பி வந்தது. அதே மருந்துக்காக ஐரோப்பாவில் வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் 2023இல் மேலும் பத்து வருடத்துக்கு அனுமதி. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறவரின் மூச்சில் எவ்வளவு போனது என்று இந்த எண்கள் கேட்பதில்லை. கோப்பைக்குள் வருவதுதான் அவற்றின் கணக்கு.

அகப்பட்ட பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் கருவிக்குத் தெரியாது. மரக்கூழ் காய்ச்சும் காகித ஆலைகளும் ஆந்திராகுவினோன் சேர்ப்பதுண்டு. உறையிலிருந்து அது தூளுக்கு இறங்கலாம். உணவைத் தொடும் காகிதத்துக்கான பரிந்துரைப் பட்டியலிலிருந்து ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013இலேயே அதை நீக்கிவிட்டது. ஆகவே 0.03 என்று ஒரு முடிவு மலைக்கு வந்தால், ஸ்டோரில் அடுப்பை அணைத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். குழாயெல்லாம் சரியென்றால், அடுத்து ஆய்வுக்குப் போகவேண்டியது பொதி கட்டிய காகிதம்.