பாட்டனும் பேரனும் ஒரே பாட்டில்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் சிறுவரும் முதியோரும் ஒருங்கே வேடம் பூணுவதை நாடறியும். பத்து நாளில் வேடம் கலைந்துவிடும். ஆண்டு முழுதும் இவ்விரு தலைமுறையினரைப் பிணைக்க வல்லது நம் தென்பாண்டிச் சீமையின் வில்லுப்பாட்டு.

புலவர் ஓரடி பாடுவார். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை இசைப்போர் அதனை ஏற்றுப் பின்பாட்டுப் பாடுவர். இப்பின்பாட்டே பள்ளிக்கூடம். எழுத்தறியாச் சிறுவனும் கட்டையைத் தட்டியவாறே கதையைக் கற்றுக்கொள்வான். முதியவருக்கோ மூச்சுவிட இடம் கிடைக்கும் (இதுவும் சிறு ஆதாயமன்று!). ஏட்டில் ஏறாத பாட்டுக்கள் பல முதியோர் நெஞ்சிலேயே தங்கியுள்ளன; கேட்டுப் பாடுவார் இல்லையேல் அவர்களோடு மறையும். ஒலிபெருக்கி பாடுமேயன்றித் திருத்திக் கற்பிக்காது.

ஆதலின், மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டிடங்களை வாரம் ஒருநாள் இதற்கெனத் திறந்துவிடுமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். ஜால்ரா ஒரு ஜோடி வாங்கினால் போதும். வில்லுக்கு வேண்டிய பனைக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை.