லூக் ஸ்கைவாக்கர் வீட்டில் நிஜமா யார் இருந்தாங்க?

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் (1977) லூக் ஸ்கைவாக்கர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவாரே, அந்த அறை ஸ்டுடியோவில் போட்ட செட் இல்லை. தெற்குத் துனிசியாவின் மத்மாதா ஊரில், 'சிதி திரிஸ்' என்ற ஹோட்டலின் சாப்பாட்டு அறை. 1976-ல் ஷூட்டிங் நடந்தது. வீட்டின் வெளிப்புறக் காட்சி மட்டும் ரொம்ப தூரம் தள்ளி, நெஃப்தா பக்கத்து உப்புச் சமவெளியில் எடுத்தது.

ஹோட்டலாகும் முன் அவை பெர்பர் இன மக்களின் குழி வீடுகள். களிமண் தரையில் வட்டமாக, ஆழமாக ஒரு குழி, அதுதான் முற்றம். அதன் சுவரைக் குடைந்தால் அறை. ஆள் உள்ளே வர சரிவாக ஒரு சுரங்கப் பாதை. செங்கல்லும் வேண்டாம், உத்தரமும் வேண்டாம். தலைக்கு மேல் அத்தனை மண் இருப்பதால் கோடை வெயில் உள்ளே எட்டாது, குளிர்காலத்தில் கதகதப்பு. ஆரணி, தேசூர் பக்கம் குழித்தறியில் காலை இறக்கியவர்களுக்கு இந்தக் குளுமை புதுசில்லை.

பாலைவன வீட்டுக்கு எதிரி யார் தெரியுமா? மழைதான். 1960-களின் இறுதியில் கொட்டிய பெருமழையில் பல வீடுகள் இடிந்தன. நிறைய குடும்பங்கள் சமவெளியில் உருவான புது மத்மாதாவுக்குக் குடிபோயின. ஆள் இல்லாத குழி மெல்ல மெல்லத் தூர்ந்துவிடும்.

ஹோட்டலுக்கு அந்தக் கதி இல்லை. 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' (2002) படத்துக்காகவும் படக்குழு திரும்ப வந்தது. அப்போது ஒட்டிய போலிக் கதவு, குழாய்களைப் பார்க்கவே ரசிகர்கள் போகிறார்கள்.

பக்கத்திலேயே சில குடும்பங்கள் இன்னும் குழி வீட்டில் வாழ்கின்றன; கேட்டால் சுற்றிக்காட்டுவார்கள், கையில் ஏதாவது கொடுப்பது வழக்கம். ஆனால் மேலே விளிம்பில் நின்று செல்போனை நீட்டாதீங்க. கீழே தெரிவது ஒருவருடைய வீட்டு முற்றம்.