ஒற்றைப் படத்தில் உயர் ஒளிவீச்சு

ஒகேனக்கல்லுக்குச் செல்வோருள் படம் எடுக்காமல் திரும்புவோர் அரியர். எடுத்த படத்தில் மனநிறைவு கொள்வோரும் அரியரே. நண்பகல் வெயிலில் அருவியின் நீர்த்திரை வெறும் வெள்ளைத் தாளாய் வெளுத்திருக்கும். அதன் அருகே உள்ள பாறை இடுக்கும், பரிசலில் அமர்ந்திருப்போர் முகமும் கரியாய் இருண்டிருக்கும். 'புகையும் கல்' எனப் பொருள்படும் கன்னடப் பெயரைத் தாங்கிய இடம் அது. படத்திலோ புகை தெரிந்தால் கல் தெரிவதில்லை. கல் தெரிந்தால் புகை தெரிவதில்லை. இரண்டையும் ஒரே சட்டத்துள் கொணரும் முறையினை எச்.டி.ஆர். என்பர். உயர் ஒளிவீச்சு என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

கண் கண்டதைக் கருவி காணாதது ஏன்? நாம் அருவியை நோக்கும்போது கண்மணி சுருங்குகிறது. நிழலை நோக்கும்போது விரிகிறது. இவ்வாறு பகுதி பகுதியாகக் கண்டவற்றை மூளை ஒன்றாக்கிக் காட்டுகிறது. கருவிக்கோ ஒரு நொடியில் ஒரே திறப்பு, ஒரே அளவு ஒளி. ஒளி இருமடங்காகும் ஒவ்வொரு படியையும் ஒளிப்படக் கலைஞர் 'ஸ்டாப்' என்பர். இன்றைய நல்ல கருவிகள் பன்னிரண்டு முதல் பதினான்கு ஸ்டாப் வரையிலான வேறுபாட்டைப் பதிவு செய்யவல்லன. ஆனால் அச்சிட்ட தாளில் மிகு வெண்மைக்கும் மிகு கருமைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நூறு மடங்கே. அதாவது ஆறு அல்லது ஏழு ஸ்டாப். பெரிய வீச்சினைச் சிறிய வீச்சுக்குள் அடக்குவது எப்படி என்பதே இக்கலையின் உயிர்நிலை.

ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் பலமுறை படம்பிடித்து, கணிப்பொறியால் அவற்றை இணைப்பது ஒரு வழி. 1997இல் டெபெவெக், மாலிக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு உறுதியான கணித அடிப்படை தந்தது. இம்முறையில் காட்சி அசையாதிருத்தல் வேண்டும். காவிரி நிற்குமா? பரிசல்தான் நிற்குமா? எனவே ஒரே படத்திலிருந்து அத்தோற்றத்தைப் பெறும் வழி நமக்குத் தேவையாகிறது.

இவ்விரு வழிகளும் கணிப்பொறியோடு பிறந்தவை அல்ல. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகடிவ்களை இணைத்து ஒரு படமாக அச்சிட்டார். ஒற்றை நெகடிவிலேயே அதனைச் செய்ய முயன்றவரைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் கம்பெனிப் படை அலுவலர் சென்னை அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றியவர். மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் படத் தொகுதிகளோடு, 'இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்' பற்றிய தொகுதி ஒன்றும் அவர் பெயரில் 1858இல் வெளிவந்தது. அந்நாளைய சேலத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004இல் கிருட்டிணகிரி பிரிந்தபோது இராயக்கோட்டை அதனுடன் சென்றது. ஆதலின் இவர் நம் பழைய அயலார். கலை மாணவர் அறிய வேண்டிய பெயர்.

அக்கால நெகடிவின் வேதிப்பூச்சு நீல ஒளிக்கே மிகுதியாக இசைந்தது. எனவே வானம் வெளுத்தது. பச்சை இலைகள் இருண்டன. டிரைப் தம் நெகடிவின் மீது தூரிகையால் வண்ணப்பூச்சு இட்டார். நெகடிவில் பூச்சு விழுந்த இடம் ஒளியைத் தடுக்கும். அச்சில் அவ்விடம் வெளுக்கும். இருண்ட இலைத்திரளில் மெல்லிய பூச்சு இட்டால் இலைகள் தெளியும். வானத்தில் இட்டால் வெண்முகில் தோன்றும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகடிவின் மேல் பென்சிலால் முகச் சுருக்கத்தைப் போக்கியதும் இவ்வழியே. இன்றைய மென்பொருள் சுட்டியால் செய்வதை அவர்கள் தூரிகையாலும் பென்சிலாலும் செய்தனர். இலையைத் தெளிவித்தது இருந்ததை வெளிக்கொணர்தல். முகிலை வரைந்தது இல்லாததைச் சேர்த்தல். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இனிச் செய்முறை. படத்தை ஜேபெக் வடிவில் அன்றி 'ரா' வடிவில் எடுத்தல் வேண்டும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகளே உண்டு. பதினான்கு பிட் ரா கோப்பில் 16,384 நிலைகள். அவற்றுள் சரிபாதியான 8,192 நிலைகளை மிகு ஒளிகொண்ட முதல் ஸ்டாப்பே எடுத்துக்கொள்கிறது. எட்டாம் ஸ்டாப்புக்குக் கிடைப்பவை 64 மட்டுமே. நிழலை மிகைப்பட உயர்த்தினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றுவதற்கு இவ்வறுமையும், அங்குப் பதிந்த ஒளியின் குறைவுமே காரணம். அதற்கு அஞ்சி ஒளியை மிகுதியாக விட்டால் அருவி வெளுத்துவிடும். வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. ஆதலின் அருவி வெளுக்காத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுப்பதே தக்கது.

பின்னர் அந்த ஒரே கோப்பினை டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் இருமுறை உருத்துலக்க வேண்டும்: உள்ளபடி ஒன்று, இரண்டு ஸ்டாப் உயர்த்தி ஒன்று. இரண்டையும் கிம்ப் மென்பொருளில் அடுக்குகளாக வைத்து, மேலுள்ள வெளிச்சப் படத்துக்கு ஒரு மறைப்பு இட வேண்டும். அம்மறைப்பு அதே படத்தின் கறுப்பு வெள்ளை நகலை எதிர்மாறாக்கியது; நிழலில் வெளிச்சப் படம் தெரியும், ஒளியில் மறையும். மறைப்பினைச் சற்றே மங்கலாக்குவதில்தான் கைத்திறன் உள்ளது. மங்கல் இன்றேல் படம் சாம்பல் பூத்துத் தட்டையாகும். அளவு மிஞ்சினால் பாறையின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். திருவிழாக்கடைச் சாமி படங்களுக்கு அவ்வட்டம் பொருந்தும். ஒகேனக்கல் பாறைக்குப் பொருந்தாது. இறுதியாக, அன்ஷார்ப் மாஸ்க் கருவியில் ஆரம் ஐம்பது, அளவு இருபது விழுக்காடு என அமைத்தால் பாறையின் சொரசொரப்பு எழுந்து நிற்கும். ஜேபெக் மட்டுமே கைவசம் உள்ளோர் கிம்பிலுள்ள நிழல்-ஒளி கருவியைக் கொண்டு ஓரளவு பயன் பெறலாம்; மிகுதியை எதிர்பார்த்தல் வேண்டா.

அருவியோடு இது நின்றிருந்தால் தமிழ்த்துறை மலரில் இதற்கு இடமில்லை. நம் மாணவர் அரூர் வட்டாரத்து நடுகற்களையும் தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களையும் கைப்பேசியில் படம்பிடித்து வந்து காட்டுகின்றனர். இன்றைய கைப்பேசிகள் பல, கேளாமலே எச்.டி.ஆர். செய்துவிடுகின்றன. படம் கவர்ச்சியாய் உள்ளது, எழுத்தைத்தான் காணோம். காரணம் எளிது. கல்லில் எழுத்து என்பதே நிழல். வெட்டிய பள்ளத்தில் சாய்வொளி விழும்போது உண்டாகும் இருளையே நாம் எழுத்தாகப் படிக்கிறோம். நிழலை உயர்த்தும் கருவி எழுத்தையும் சேர்த்து அழிக்கிறது. அடுத்துச் செய்யும் சொரசொரப்பு ஏற்றமோ, பாசித் திட்டையும் உளித் தடத்தையும் எழுத்தின் கோடுபோல் உயர்த்திக் காட்டுகிறது. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றையொன்று ஒத்திருந்து படிப்போரை மயக்கும். அங்கு இல்லாத ஒரு வளைவு தோன்றினால் வீரன் பெயரே மாறிவிடும். கல்லின் சிறு குழி ஒன்று புள்ளியாகிவிட்டால் உயிர்மெய் மெய்யாகிவிடும். டிரைப் வரைந்த முகிலால் வரலாற்றுக்குக் கேடில்லை. இவ்வளைவு அத்தகையது அன்று.

எனவே கல்வெட்டுப் படத்துக்கு வேறு நெறி கொள்வோம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், எச்.டி.ஆர். வசதியை அணைத்துவிட்டு எடுத்தல் வேண்டும். வெயில் நேர்முகமாக விழுந்தால், சற்றுத் தள்ளி ஒருவரை நிற்கச் செய்து கல்லின்மேல் அவர் நிழலை விழச்செய்து, பக்கவாட்டில் கைவிளக்கு அல்லது கண்ணாடியால் ஒளியைச் செலுத்தலாம். விளக்கை இடம்மாற்றி நான்கு திசைகளிலிருந்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டு எழுத்தின் கோட்டினைத் துணியலாம். ஐயம் நீடித்தால், ஒளியை நம்பாமல் பள்ளத்தையே நம்பும் மைப்படி இருக்கிறது. திருத்திய படத்தை ஆய்வேட்டில் சேர்ப்போர் திருத்தாத மூலக்கோப்பினையும் உடன் வைத்து, எத்திசையிலிருந்து எந்நேரத்து ஒளி விழுந்தது என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியில் குறித்தல் வேண்டும்.