ஊசியின் அளவு கூடினால் முட்டை கூடுமா?

“சென்ற முறை ஊசியின் அளவு போதவில்லை, இம்முறை கூட்டிப் போடுங்கள்” என்று சில தம்பதியர் எங்களிடம் கேட்கின்றனர். குறைந்த ஊசியே உடலுக்கு நல்லதெனக் கேள்வியுற்று வருவோரும் உளர். இரு சாராருக்கும் எங்கள் விடை ஒன்றே: சினைப்பையின் கையிருப்பைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய இயலும்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், தூண்டுதல் ஊசியின்றி இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையிலிருந்து உருவானவர். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் பிறந்த குழந்தைக்கோ, ஊசியால் சினைப்பையைத் தூண்டி முட்டைகள் எடுக்கப்பட்டன. கரு உறைநிலையிலும் வைக்கப்பட்டது. இன்றைய வழக்கமான சிகிச்சை இந்த இரண்டாம் வழியை ஒத்தது.

மாதந்தோறும் பல முட்டைகள் வளரத் தொடங்குகின்றன. எஃப்.எஸ்.எச். ஹார்மோன் குறையும்போது ஒன்று மட்டும் முதிர, ஏனையவை அழிகின்றன. ஊசி அந்த ஹார்மோனைக் குறையவிடாமல் வைத்து, அழியவிருந்தவற்றையும் முதிரச் செய்கிறது. ஆகவே, வருங்கால முட்டைகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் வேண்டா.

வழக்கமான முறையில் மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 10 நாட்கள், பெரும்பாலும் தினமும் 150 முதல் 300 அலகு வரை ஊசி போடப்படும். மிதமான தூண்டலில் தினசரி அளவு 150 அலகைத் தாண்டுவதில்லை. லெட்ரோசோல் போன்ற மாத்திரையும் சேர்வதுண்டு. மருந்துச் செலவும் வயிற்று உப்புசமும் குறையும். ஆனால் முட்டைகளும் குறையும். உறையவைக்கக் கரு மிஞ்சாமலும் போகலாம். நகையை அடகு வைத்து ஒரே முயற்சிக்கென வரும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று. மறுமுறை முட்டை எடுக்க நேர்ந்தால், மிச்சப்பட்ட பணம் அதிலேயே கரைந்துவிடும்.

ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனில் எண்ணப்படும் சிறு முட்டைப்பைகளும் கையிருப்பைக் காட்டும். முட்டையின் தரம் பெரும்பாலும் வயதைச் சார்ந்தது. கையிருப்பு மிகக் குறைந்தவர்களுக்கு 300 அலகுக்கு மேல் கொடுப்பதை ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலும் பரிந்துரைக்கவில்லை. வண்டியூர்க் கண்மாயின் மடையை எவ்வளவு திறந்தாலும் நாற்று நடாத வயல் விளைவதில்லை. இத்தகையோருக்கு மிதமான முறையைத் தயங்காமல் எடுத்துரைக்கிறோம்.

நீர்க்கட்டிச் சினைப்பை உடையவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. சிறிய அளவிலேயே முட்டைப்பைகள் அளவுக்கு மீறிப் பெருகி, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கக்கூடும்; அரிதாக உயிருக்கும் ஆபத்து. இவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி, தேவைப்படின் கருக்களை உறையவைத்துப் பின்னொரு மாதத்தில் கருப்பையில் வைக்கிறோம். முட்டை எடுத்தபின் வயிறு விரைந்து வீங்குதல், ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் நள்ளிரவாயினும் வந்துவிடுங்கள். ‘உடற்சூடு’ என்று இளநீர் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டா.

முன்பு வேறிடத்தில் சிகிச்சை பெற்றிருப்பின், ஊசியின் பெயர், தினசரி அளவு, எடுக்கப்பட்ட முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவை குறித்த தாள்களை முதல் வருகையிலேயே கொண்டு வாருங்கள். கையிருப்புப் பரிசோதனைகளை விடவும் சில வேளைகளில் அத்தாள்களே எங்களுக்கு மிகுதியாகச் சொல்கின்றன.