கண்ணாடியில் ஒட்டிய மரச்சுருள்

ஜப்பானின் நாரா பகுதியில் கோயில் தச்சராகப் பெயர்பெற்றவர் நிஷியோகா சுனேகாசு. 1969-இல் அவரிடம் தொழில் பழக வந்தார் இளைஞர் ஓகாவா மிட்சுவோ. ஓராண்டுக்குச் செய்தித்தாள் கூடாது, தொலைக்காட்சி கூடாது, உளியைத் தீட்டு. இதுதான் முதல் உத்தரவு. எப்படித் தீட்டுவது என்று ஆசான் சொல்லவில்லை. ஒருநாள் இழைப்புளியை ஒரே இழுப்பாக இழுத்து, வந்த மரச்சுருளைக் கொடுத்து, இப்படி வரவேண்டும் என்றார். ஓகாவா அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, தன் சுருளை அதோடு ஒப்பிட்டபடி நாள்தோறும் தீட்டினார்.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானிய உளியில் கடின எஃகும் மிருதுவான இரும்பும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கல்லில் இரண்டும் ஒரே அளவில் தேயாது; கை சற்று ஆடினாலும் தட்டையாக இருக்கவேண்டிய முகம் உருண்டுவிடும். அலகு கல்லில் முழுதாகப் படிகிறதா என்று விரல்தான் அறியவேண்டும். அந்த விரல் லேசுப்பட்டதல்ல. 2013-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளைக்கூட மனித விரல் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தது. அந்த உணர்வை எந்தச் சொல்லால் கற்றுக்கொடுப்பது?

கூரான அலகு மரத்தின் நார்களை நசுக்காமல் அறுக்கும். மழுங்கியது பிய்த்துவிடும், பிய்ந்த இடத்தில் ஈரம் ஏறும். அதோடு, நார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் கூரான அலகில்தான் கைக்குத் தெரியும். பல மரங்களின் நார் நேராக ஓடாமல் தண்டைச் சுற்றித் திருகியே வளரும். காயும்போது மரமும் அந்தப் பக்கமே முறுக்கும். சரிவில் வளைந்து நின்ற ஊசியிலை மரத்தின் கீழ்ப்புறத்திலோ தனிவகைக் கட்டை உருவாகிறது. அது காயும்போது நீளவாக்கில் மிகுதியாகச் சுருங்கி, உத்தரத்தையே வளைக்கும். மரத்தை வாங்காதே, மலையையே வாங்கு என்று நிஷியோகாவின் மரபு சொல்வது இதற்காகத்தான். இடப்பக்கம் முறுக்கும் மரத்துக்கு எதிரே வலப்பக்கம் முறுக்குவதை வைத்தால், ஒன்றின் இழுப்பை மற்றது தாங்கிக்கொள்ளும். ஹோரியூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்துடைய நடுத்தூண் 594-இல் வெட்டப்பட்ட மரம் என்பதை ஆண்டு வளையங்கள் காட்டின. அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

யாகுஷிஜி கோயிலின் மேற்குக் கோபுரத்தை நிஷியோகா 1981-இல் கட்டிமுடித்தார். ஓகாவாவும் அதில் உழைத்தார். பக்கத்தில் நிற்கும் பழைய கிழக்குக் கோபுரத்தைவிட அது ஏறத்தாழ ஓரடி உயரம். வரும் நூற்றாண்டுகளில் மரம் அமுங்கி, அடித்தளம் இறங்கி, இரண்டும் சமமாகும் என்பது ஆசானின் கணக்கு.