காலித் ஜமீல்

காலித் ஜமீல் (பிறப்பு: ஏப்ரல் 21, 1977) இந்தியக் கால்பந்தாட்டப் பயிற்றுநரும் முன்னாள் நடுக்கள ஆட்டக்காரரும் ஆவார். 2016–17 பருவத்தில் மிசோரம் மாநிலத்தைச் சேர்ந்த ஐசோல் கழகத்தை ஐ-லீக் வாகையராக்கியதன் மூலம் இவர் நாடெங்கும் அறியப்பட்டார். இந்தியன் சூப்பர் லீக் அணி ஒன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தப்பட்ட முதல் இந்தியர் இவரே. ஆகஸ்ட் 2025 இல் இந்தியத் தேசிய ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார்.

ஆட்டக்காரராக

இந்தியப் பெற்றோருக்குக் குவைத்தில் பிறந்த ஜமீல், வளைகுடாப் போரை அடுத்து இந்தியாவுக்கு வந்தார். மும்பையின் மகிந்திரா யுனைட்டட், ஏர் இந்தியா ஆகிய அணிகளில் விளையாடினார். கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய பெருங்கழகங்கள் இவரை அழைத்தன. அக்காலத்தில் அவ்விரு கழகங்களுக்கும் மதுபான நிறுவனங்கள் புரவலர்களாக இருந்தமையால் அவ்வழைப்புகளை இவர் ஏற்கவில்லை. 1990களின் இறுதியிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் இந்திய அணிக்காகவும் ஆடினார். தொடர்ச்சியான காயங்கள் இவரது ஆட்ட வாழ்வைச் சுருக்கின. 2007 இல் தொடங்கப்பட்ட மும்பை எஃப்.சி. கழகத்தில் சேர்ந்த இவர், 2009 இல் ஓய்வு பெற்றார்.

மும்பை எஃப்.சி.

ஓய்வு பெற்ற அதே ஆண்டில், தமது 32 ஆவது வயதில், ஜமீல் அக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். ஐ-லீக்கில் அட்டவணையின் அடியில் முடிக்கும் அணி இரண்டாம் பிரிவுக்குத் தரமிறக்கப்படுவது வழக்கம். தரமிறங்கும் கழகம் வருவாயையும் நல்ல ஆட்டக்காரர்களையும் இழக்க நேரிடும். எனவே சிறிய கழகங்களுக்குப் பட்டம் வெல்வதைவிடப் பிரிவில் நிலைப்பதே முதல் இலக்காகும். குறைந்த பொருள்வளம் கொண்ட மும்பை அணியை 2016 வரை ஏழு பருவங்கள் தரமிறங்காமல் காத்தமையே இவரது முதல் சாதனை எனலாம். நெருக்கமான தற்காப்பும் விரைவான எதிர்த்தாக்குதலும் இக்காலத்திலேயே இவரது ஆட்டமுறையாக உருப்பெற்றன.

ஐசோல் வெற்றி

ஐசோல் அணி 2015–16 பருவத்தில் தரமிறக்கப்பட்டிருந்தது. கோவா மாநிலக் கழகங்கள் போட்டியிலிருந்து விலகியதால் அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. அணியில் பெரும்பாலோர் மிசோரம் இளைஞர்கள். அசுதோஷ் மேத்தா, ஜயேஷ் ராணே போன்ற மும்பை எஃப்.சி. ஆட்டக்காரர்களும் ஜமீலுடன் சென்று இணைந்தனர்.

ஏப்ரல் 22, 2017 அன்று ஐசோல் தனது சொந்தத் திடலில் மோகன் பகானை 1–0 என வென்று முன்னிலை பெற்றது. ஏப்ரல் 30 அன்று நடைபெற்ற இறுதிச் சுற்றில் அதற்கு ஒரு புள்ளி தேவைப்பட்டது. சில்லாங் நகரில் லஜோங் அணியே முதலில் கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் வில்லியம் லால்னுன்பெலா சமன் செய்ய, ஆட்டம் 1–1 என முடிந்தது. அதே நாளில் மோகன் பகான் சென்னை சிட்டி அணியை வென்றபோதிலும் ஒரு புள்ளி பின்தங்கியது. ஐசோல் 37 புள்ளிகளுடன் வாகை சூடியது. வடகிழக்கு இந்தியக் கழகம் ஒன்று நாட்டின் முதன்மை லீக் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறையாகும்.

இந்தியன் சூப்பர் லீக்

இதன் பின்னர் ஈஸ்ட் பெங்கால் (2017–18), மோகன் பகான் (2019) ஆகிய அணிகளுக்குப் பயிற்சியளித்தார். அங்கு ஐ-லீக் பட்டம் கிட்டவில்லை.

2014 இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பு வெளிநாட்டவர்களுக்கே வழங்கப்பட்டு வந்தது. இந்தியர்கள் துணைப் பயிற்றுநர்களாகவோ இடைக்காலப் பொறுப்பாளர்களாகவோ மட்டுமே இருந்தனர். ஜமீலும் நார்த் ஈஸ்ட் யுனைட்டட் அணியில் துணைப் பயிற்றுநராகவே பணியாற்றினார். சனவரி 2021 இல் இடைக்காலப் பொறுப்பேற்ற இவர், எஞ்சிய லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் அணியை அரையிறுதிக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் பதவி நிரந்தரமாயிற்று. ஆயினும் அடுத்த பருவத்தில் அணி பத்தாம் இடத்தையே பெற்றது.

டிசம்பர் 2023 இல் ஜம்சேத்பூர் அணியின் பொறுப்பை ஏற்றார். 2024–25 பருவத்தில் அவ்வணி லீக்கின் அரையிறுதியையும் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டத்தையும் எட்டியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் இவருக்கு வழங்கப்பட்டது.

தேசிய அணி

மனோலோ மார்க்கெஸ் விலகியதை அடுத்து, ஆகஸ்ட் 1, 2025 அன்று ஜமீல் தேசிய அணிக்குத் தெரிவு செய்யப்பட்டார். 2012 இல் சாவியோ மெதேரா விலகிய பின்னர் இப்பொறுப்புக்கு நிரந்தரமாக வந்த முதல் இந்தியர் இவராவார். இவரது முதல் தொடரான மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் (2025) இந்தியா தாஜிகிஸ்தானை 2–1 என வென்றது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் ஓமானைச் சமன்நீக்கி உதைகளில் வீழ்த்தியது.

எனினும் அக்டோபர் 14, 2025 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்காளதேசத்திடமும் 0–1 எனத் தோற்றது.

மதிப்பீடு

பொருள்வளம் குறைந்த அணிகளை ஒழுங்குபடுத்தி உயர்த்துவது ஜமீலின் வலிமையாகக் கருதப்படுகிறது. பந்தைக் கைவசம் வைத்து ஆடுவதில் இவரது அணிகள் அக்கறை காட்டுவதில்லை என்பது இவர் மீதான முதன்மை விமர்சனமாகும். இந்தியப் பயிற்றுநர்கள் துணைப் பதவிகளோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இவரது பணிவாழ்வு எடுத்துக்காட்டாக விளங்குகிறது.